"அவர்கள் கொஞ்சப் பேர்தானே?": ஃபிர்அவ்னின் படையும் பரங்கிப்பேட்டைப் போரும்

முஹர்ரம் மாதம் ஆஷூரா நோன்புக்காகப் பிள்ளைகளை ஸஹருக்கு எழுப்பும்போது நம் வீடுகளில் வழக்கமாக ஒரு கேள்வி வரும்: "அத்தா, இந்த நோன்பு எதுக்கு?" மூஸா நபி (அலை) அவர்களையும் பனூ இஸ்ராயீல் மக்களையும் அல்லாஹ் காப்பாற்றி, ஃபிர்அவ்னைக் கடலில் மூழ்கடித்த நாள் இது என்று சொல்வோம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கிருந்த யூதர்கள் இந்த நாளில் நோன்பு நோற்பதைக் கண்டார்கள். மூஸாவுக்கு நாமே அதிகம் உரியவர்கள் என்று சொல்லித் தாமும் நோற்று, மக்களையும் நோற்கச் சொன்னார்கள் என்ற ஹதீஸையும் சேர்த்துச் சொல்வோம்.

கடல் பிளந்த இடம் வந்ததும் பிள்ளைகளின் கண்கள் விரியும். கதையும் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் திருக்குர்ஆன் கடலுக்கு முன்னால் இன்னொரு காட்சியை வைத்திருக்கிறது. அதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அந்தக் காட்சியில்தான் பெரியவர்களாகிய நமக்கான பாடம் இருக்கிறது.

ஃபிர்அவ்ன் எதை எண்ணினான்?

மூஸா (அலை) அவர்கள் தம் மக்களை அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகப் புறப்பட்டதும், ஃபிர்அவ்ன் எல்லா நகரங்களுக்கும் ஆள் அனுப்பிப் படை திரட்டினான். திரட்டும்போது மூன்று விஷயங்களைச் சொன்னான். ஒன்று, இவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். இரண்டு, இவர்கள் நம்மை ஆத்திரப்படுத்துகிறார்கள். மூன்று, நாமோ எச்சரிக்கையோடு இருக்கும் பெருங்கூட்டம். (அல்குர்ஆன் 26:53-56)

சற்று நிதானித்துப் பாருங்கள். எதிரே இருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான் என்றால் நாடு முழுவதும் ஏன் ஆள் திரட்ட வேண்டும்? அவன் வாய் அவர்களைச் சிறுமைப்படுத்தியது. அவன் செயல் அவனுடைய பயத்தைக் காட்டிக்கொடுத்தது. படையை நம்புகிறவனின் நிலை எப்போதும் இதுதான். எவ்வளவு ஆள் சேர்த்தாலும் அவனுக்குப் போதாது.

இதே ஃபிர்அவ்ன் முன்பு ஒருமுறை தன் மக்களைக் கூட்டி, எகிப்தின் ஆட்சி என்னுடையதல்லவா, எனக்குக் கீழே ஓடும் இந்த ஆறுகள் என்னுடையவை அல்லவா என்று பெருமை பேசியதையும் குர்ஆன் சொல்கிறது (43:51). தண்ணீர் தனக்குக் கீழே ஓடுகிறது என்று பெருமைப்பட்டவன், கடைசியில் தண்ணீருக்குக் கீழே போனான். அவனும் அவனுடைய படைகளும் பூமியில் நியாயமின்றிப் பெருமை கொண்டார்கள், தங்கள் இறைவனிடம் திரும்ப வேண்டியதில்லை என்று எண்ணிவிட்டார்கள் என்று அல்லாஹ் அவர்கள் எல்லாரையும் சேர்த்தே கூறுகிறான் (28:39). பெருமை அரசனோடு நின்றுவிடவில்லை. அவனுக்குப் பின்னால் அணிவகுத்த ஒவ்வொரு சிப்பாயையும் அது தொற்றிக்கொண்டது.

இந்தக் காட்சியில் இன்னொன்றும் உண்டு. இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று பார்த்தபோது மூஸா (அலை) அவர்களோடு இருந்தவர்களும் எண்ணத்தான் செய்தார்கள். முன்னால் கடல், பின்னால் படை. நாம் பிடிபட்டுவிட்டோம் என்றார்கள். ஃபிர்அவ்ன் எண்ணிப் பார்த்து இறுமாந்தான். இவர்கள் எண்ணிப் பார்த்துக் கலங்கினார்கள். இரண்டு பக்கமும் கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கை ஏற்காதவர் அங்கே மூஸா நபி மட்டும்தான். ஒருக்காலும் இல்லை, என் இறைவன் என்னோடு இருக்கிறான், அவன் எனக்கு வழி காட்டுவான் என்பதே அவர்களுடைய பதிலாக இருந்தது (26:61-62). அதற்குப் பிறகுதான் கடல் பிளந்தது.

படை வைத்திருப்பதே தவறா?

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். அப்படியானால் ஆட்சியாளர் படையே வைக்கக் கூடாதா? எல்லாவற்றையும் அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?

இல்லை. உங்களால் முடிந்த அளவு பலத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்ற கட்டளையும் அதே குர்ஆனில்தான் இருக்கிறது (8:60). உதவி அல்லாஹ்விடமிருந்தே அன்றி வேறெங்கிருந்தும் இல்லை என்பதும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது (8:10). முதலாவது நம் கைக்குரிய வேலை. இரண்டாவது நம் நெஞ்சுக்குரியது.

படை வைத்திருந்த ஒரு நபியையே எடுத்துக்கொள்வோம். சுலைமான் (அலை) அவர்களுக்கு ஜின்கள், மனிதர்கள், பறவைகள் எல்லாம் சேர்ந்த படை இருந்தது. அந்தப் படை எறும்புகள் இருந்த ஒரு பள்ளத்தாக்கை நெருங்கியபோது ஓர் எறும்பு மற்ற எறும்புகளை எச்சரித்தது: உங்கள் புற்றுகளுக்குள் போய்விடுங்கள், சுலைமானும் அவருடைய படையும் அறியாமலேயே உங்களை மிதித்துவிடக் கூடும். அது சுலைமான் (அலை) அவர்களின் காதில் விழுந்தது. அவர்கள் புன்னகைத்தார்கள். உடனே, உன் அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்த எனக்கு உதவி செய் என்று இறைவனிடம் துஆ கேட்டார்கள் (27:17-19).

இரண்டு ஆட்சியாளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். இருவருக்கும் பெரும் படை இருந்தது. ஃபிர்அவ்னின் கண்ணுக்கு ஒரு சமுதாயமே அற்பமாகத் தெரிந்தது. சுலைமான் (அலை) அவர்களின் காதுக்கோ ஓர் எறும்பின் பயமும் எட்டியது. படை வைத்திருப்பது தவறல்ல. தனக்குக் கீழே இருப்பவர்களைப் பார்க்க விடாமல் அந்தப் பலம் கண்ணை மறைத்துவிட்டால், அதுதான் தவறு.

ஈமான் கொண்டவர்களும் எண்ணிய நாள்

இந்த நோய் ஃபிர்அவ்னைப் போன்றவர்களுக்கு மட்டும் வருவது என்று நாம் நினைத்துவிடக் கூடாது. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குப் பிறகு நபி (ஸல்) அவர்கள் ஹவாஸின், ஸகீஃப் கோத்திரத்தாரை எதிர்கொள்ள ஹுனைனுக்குப் புறப்பட்டார்கள். மதீனாவிலிருந்து வந்த 10,000 பேரோடு மக்காவில் சேர்ந்த 2,000 பேரும் உடன் சென்றார்கள். பத்ரில் 300-க்குச் சற்று அதிகமாக இருந்தவர்கள் இப்போது 12,000 பேர். ஆள் குறைவு என்பதால் இன்று நாம் தோற்க மாட்டோம் என்ற பேச்சு சிலரிடையே எழுந்தது.

பள்ளத்தாக்கில் இறங்கியதும் மறைந்திருந்த வில்லாளிகளின் அம்பு மழை பொழிந்தது. அணிகள் சிதறின. நபி (ஸல்) அவர்கள் கோவேறு கழுதையின் மேல் இருந்தபடி அசையாமல் நின்றார்கள். அப்பாஸ் (ரலி) அவர்கள் உரத்த குரலில் அழைத்த பிறகே சிதறியவர்கள் திரும்பி வந்தார்கள். உங்களுடைய அதிக எண்ணிக்கை உங்களுக்கு மகிழ்ச்சி தந்தது, ஆனால் அது உங்களுக்கு ஒரு பயனும் தரவில்லை, பூமி இவ்வளவு விரிந்திருந்தும் உங்களுக்கு நெருக்கடியாகிவிட்டது என்ற கருத்தில் அல்லாஹ் இதை நினைவூட்டுகிறான் (9:25). இந்தக் கண்டிப்பு வந்தது நபித்தோழர்கள் இருந்த படைக்கு. அப்படியானால் நாம் எம்மாத்திரம்?

நம் மாவட்டத்தில் நடந்தது

இதற்கு நிகரான ஒரு பாடம் நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. காடாம்புலியூரிலிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கிழக்கே போய், கடலூர்–சிதம்பரம் சாலையில் திரும்பினால் பரங்கிப்பேட்டை வந்துவிடும். நம் முன்னோர் மஹ்மூத் பந்தர் என்று அழைத்த துறைமுகம் அது. அந்தக் கடலோரத்து மணல்மேடுகளுக்கு அருகே 1781 ஜூலை 1-ஆம் தேதி ஒரு பெரும் போர் நடந்தது.

திப்பு சுல்தானின் தந்தை ஹைதர் அலி, 1780 ஜூலையில் 80,000-க்கும் மேற்பட்ட படையோடு மலைக்கணவாய் வழியாகக் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முழுவதுமாக வீழ்த்தப்பட்டது. அருகில் இருந்த தளபதி மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பி ஓடினார். நவம்பரில் ஆற்காடும் ஹைதரின் கைக்கு வந்தது. இந்தியாவில் ஆங்கிலக் கம்பெனி அதுவரை இப்படி ஓர் அடியை வாங்கியதில்லை.

வங்காளத்திலிருந்து வந்த தளபதி அயர் கூட், 1781 தொடக்கத்தில் கடலூருக்கு வந்து சேர்ந்தார். சுற்றியிருந்த கிராமங்களில் தானியம் இல்லை. ஹைதரின் குதிரைப்படை எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டது. கடல் வழியாக வரும் உணவை நம்பித்தான் அவருடைய படை மாதக்கணக்கில் அங்கே கிடந்தது. ஜூன் 18-ஆம் தேதி சிதம்பரத்தில் ஹைதரின் ஆட்கள் கோட்டையாக்கி வைத்திருந்த கோயில் வளாகத்தைத் தாக்கிப் பார்த்து, அதிலும் அடிவாங்கித் திரும்பினார் கூட்.

அந்தச் செய்தி கேட்டதும் ஹைதர் விரைந்து வந்து, ஆங்கிலப் படைக்கும் கடலூருக்கும் நடுவே வழியை மறித்து நின்றார். அவரிடம் இருந்தவர்கள் 40,000-க்குக் குறையாது. வென்றவர்கள் எழுதிய கணக்கு என்பதால் அதைவிடப் பெரிய எண்களும் சொல்லப்படுகின்றன. எதிரே கூட்டிடம் இருந்தது ஏறத்தாழ 8,000 பேர். பொள்ளிலூரின் வெற்றி, சிதம்பரத்தின் வெற்றி, ஒருவருக்கு ஐந்து பேர் என்ற எண்ணிக்கை. தோற்பதற்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

ஆனால் கூட் நேராக மோதவில்லை. கடலோரத்து மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு வழி கிடைத்தது. அதில் நுழைந்து, மேடுகளின் மறைவிலேயே படையைப் பக்கவாட்டில் நகர்த்தினார். கடலில் நின்ற ஆங்கிலச் சிறு கப்பல் ஒன்றின் பீரங்கியும் ஹைதரின் குதிரைப்படையைச் சிதறடித்தது. மாலைக்குள் ஹைதரின் படை பின்வாங்கிவிட்டது. அதே ஆண்டில் மீண்டும் பொள்ளிலூரிலும், சோளிங்கரிலும் அவருக்குப் பின்னடைவே ஏற்பட்டது. போர் முடியும் முன்பே, 1782 டிசம்பர் 7-ஆம் தேதி, சித்தூருக்கு அருகே முதுகில் வந்த புண்ணால் அவர் காலமானார். லட்சம் பேரை நடத்தியவரைக் கொண்டுபோனது ஒரு கட்டி.

இவர்களை நிலத்தில் என்னால் அழிக்க முடியும், ஆனால் கடலை என்னால் வற்ற வைக்க முடியாது என்ற கருத்தில் ஹைதர் தம் கடைசிக் காலத்தில் பேசியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கடைசியில் அவர் கண்டுகொண்டார் என்றே நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

கடல் யாருடையது?

இங்கே இரண்டு விஷயங்களில் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, ஹைதர் அலியை ஃபிர்அவ்னோடு சேர்த்துப் பேசுவது நம் நோக்கமல்ல. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து நின்றவர் அவர். அவருடைய நெஞ்சில் தவக்குல் எவ்வளவு இருந்தது என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். படையின் எண்ணிக்கை ஒன்றே வெற்றியைத் தந்துவிடாது என்பதற்கு நம் கண்முன்னே இருக்கும் சாட்சியாக மட்டுமே அந்தப் போரை எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது, வென்றவன் அல்லாஹ்வுக்குப் பிடித்தவன், தோற்றவன் கைவிடப்பட்டவன் என்ற கணக்கும் தவறு. உஹதுப் போரில் நபித்தோழர்கள் 70 பேர் ஷஹீதானார்கள். அதைப் பற்றிப் பேசும்போதுதான், இந்த நாட்களை மக்களிடையே நாம் மாறி மாறி வரச் செய்கிறோம் என்ற கருத்தை அல்லாஹ் கூறுகிறான் (3:140). பரங்கிப்பேட்டையில் வென்ற ஆங்கிலேயர்களும் தங்கள் கப்பல்களையும் பீரங்கிகளையும்தான் நம்பினார்கள்.

அந்தக் கப்பல்களின் கதையும் இதே கடற்கரையில் இருக்கிறது. பரங்கிப்பேட்டைப் போருக்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு, 1749 ஏப்ரலில், கடலூர் தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டைக்கு அருகே கடலில் ஆங்கில அட்மிரல் பாஸ்கவனின் கப்பல்கள் நின்றிருந்தன. அவருடைய தலைமைக் கப்பல் நாமூர், 74 பீரங்கிகள் கொண்டது. ஒரே ஒரு புயல் அடித்தது. நாமூர் மூழ்கியது, 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெம்புரோக் என்ற இன்னொரு போர்க்கப்பலும் அதே புயலில் அழிந்தது. அட்மிரல் அப்போது கரையில் இருந்ததால் தப்பினார். எதிரி ஒரு குண்டும் சுடவில்லை. ஹைதரால் வற்ற வைக்க முடியாத அந்தக் கடல் ஆங்கிலேயருக்கும் சொந்தமாக இருக்கவில்லை.

இந்த அரசர்களின் எண்ணிக்கைப் போட்டியில் நசுங்கியது யார்? நம் பக்கத்து விவசாயிகளும் நெசவாளர்களும்தான். 1782-ல் சென்னையில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஊர்களை விட்டு ஓடிவந்து பசியோடு கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்ததுதான் இன்றும் சென்னையில் இருக்கும் மணியக்காரர் சத்திரம். அரசர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்தால் அதைச் சீரழித்துவிடுவார்கள், அங்குள்ள கண்ணியமானவர்களை இழிந்தவர்களாக்கிவிடுவார்கள் என்று சபா நாட்டு அரசி சொன்னதைக் குர்ஆன் எடுத்துக் கூறுகிறது (27:34). தன் தலைவர்கள் படை பலத்தைப் பெருமையாகச் சொன்னபோது அந்த அரசி யோசித்தது தன் ஊர் மக்களைப் பற்றி. அதனால்தான் அவருக்கு ஹிதாயத்தின் வழியும் திறந்தது.

நம் வீட்டில் நடக்கும் படை திரட்டல்

நம்மிடம் படை இல்லை, கோட்டை இல்லை. இந்தப் பாடம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஃபிர்அவ்னின் அந்த ஒரு வார்த்தையை மறுபடி கேட்டுப் பாருங்கள்: அவர்கள் கொஞ்சப் பேர்தானே?

அத்தா மவ்த்தான பிறகு முந்திரித் தோப்பையும் வீட்டையும் பங்கு பிரிக்கும் நேரம் வருகிறது. கணவனை இழந்த ஒரு சகோதரி, இரண்டு பிள்ளைகளோடு, தன் பங்கைக் கேட்டு வருகிறாள். ஆண் மக்களைப் போலவே பெண் மக்களுக்கும் பெற்றோர் விட்டுச் சென்றதில் பங்கு உண்டு என்பது அல்லாஹ்வின் சட்டம் (4:7). இது அண்ணன்மார்களுக்கும் தெரியும். ஆனால் மூன்று அண்ணன்களும் மச்சான்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அவளுக்காகப் பேச ஒரு ஆள் இல்லை. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சுல்ல?" என்கிறார் ஒருவர். "கேட்டா கேட்டுட்டுப் போறா, யாரை வச்சு வாங்கப் போறா?" என்கிறார் இன்னொருவர்.

இந்த இரண்டாவது வார்த்தைதான் ஃபிர்அவ்னின் வார்த்தை. அவளுக்கு ஆள் இல்லை, நமக்கு ஆள் இருக்கிறது. ஆகவே நிலம் நமக்கு. வரப்புத் தகராறுக்கு வேனில் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போவதும், ஜமாஅத் கூட்டத்தில் எங்கள் பக்கம் கை அதிகம் என்பதால் நியாயமான ஒரு குரலை அடக்குவதும், வேலைக்கு வைத்த ஆளுக்குப் போக்கிடம் இல்லை என்று தெரிந்து கூலியைக் குறைப்பதும் இதே கணக்குதான். அளவு சிறியது, குணம் ஒன்று.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சிக்கொள்ளுங்கள், அதற்கும் அல்லாஹ்வுக்கும் நடுவே திரை இல்லை என்றார்கள். அந்தக் கூடத்தில் பேச ஆள் இல்லாத சகோதரி, வீட்டுக்குப் போய்த் தஹஜ்ஜுதில் கை ஏந்தும்போது அவளுக்கு ஆள் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் சிறந்த வில்லாளி, பெரும் வீரர். மற்றவர்களைவிடத் தமக்கு ஒரு சிறப்பு இருப்பதாக அவர்கள் எண்ணியபோது, உங்களில் இருக்கும் பலவீனர்களைக் கொண்டுதானே உங்களுக்கு உதவியும் உணவும் கிடைக்கின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ள ஹதீஸ். நாம் பாரமாக நினைக்கும் பலவீனரின் துஆவில்தான் நம் வீட்டின் பரக்கத் இருக்கிறது. அவரை விரட்டிவிட்டு நாம் யாரை வைத்து வெல்லப் போகிறோம்?

எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் பகுதியின் பல ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். உலகச் செய்திகளில் விமானங்களையும் ஏவுகணைகளையும் பார்த்துப் பார்த்து நம் இளைஞர்கள் சோர்ந்துபோகிறார்கள். நாம் கொஞ்சப் பேர்தானே, நம்மால் என்ன ஆகும் என்ற பேச்சு வருகிறது. இதுவும் ஃபிர்அவ்னின் கணக்குதான். அவன் அதைப் பெருமையோடு போட்டான். நாம் பயத்தோடு போடுகிறோம்.

தாலூத்தின் படை ஆற்றைக் கடந்தபோது எஞ்சியவர்கள் மிகக் குறைவு. ஜாலூத்தையும் அவன் படையையும் எதிர்க்க நமக்குச் சக்தி இல்லை என்றார்கள் சிலர். அல்லாஹ்வைச் சந்திப்போம் என்று உறுதியாக நம்பியவர்களோ, எத்தனையோ சிறு கூட்டங்கள் அல்லாஹ்வின் அனுமதியால் பெருங்கூட்டங்களை வென்றிருக்கின்றன என்று நினைவூட்டினார்கள் (2:249). அதோடு நிற்காமல் பொறுமையையும், கால்கள் நிலைத்து நிற்பதையும் கேட்டுத் துஆ செய்தார்கள் (2:250). பத்ரில் கலந்துகொண்ட நபித்தோழர்களின் எண்ணிக்கையும், தாலூத்தோடு ஆற்றைக் கடந்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றே என்று பராஉ பின் ஆஸிப் (ரலி) அறிவிக்கும் செய்தியும் உண்டு.

ஆகவே குறைவாக இருக்கும் நமக்குச் சொல்லப்பட்டது படிப்பு, உழைப்பு, ஒழுக்கம், அண்டை வீட்டாரோடு நல்லுறவு ஆகிய நம் கடமைகளைச் சரியாகச் செய்வது. பொறுமையோடு அல்லாஹ்விடம் கேட்பது. எண்ணிக்கை அவன் கையில்.

விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கு ஒருமுறை போய்வரலாம். அந்தக் கடற்கரையில் நின்று ஃபிர்அவ்னின் கதையையும், இதே கரையில் நின்ற படைகளின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும், கொடுக்காமல் நிறுத்தி வைத்த பங்கு ஏதேனும் நம்மிடம் இருந்தால், அதைக் கொடுத்துவிடுவோம். அந்த ஆண்டு ஆஷூரா நோன்பின் அர்த்தம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமலே புரியும்.

பலத்தைக் கண்டு இறுமாப்பதிலிருந்தும், பலவீனத்தைக் கண்டு நிராசை அடைவதிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! நமக்குக் கீழே இருப்பவர்களின் குரலைக் கேட்கும் காதுகளை நமக்குத் தருவானாக! ஆமீன்.